தட்டிய இடத்தில்தான் இருக்கும்

அத்தியாயம் 14

ஞானம்மாள் இன்னும் கண் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் மேற்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரியின் பி வார்டில் சினேகா போட்ட ஓர் ஊசி, கால் புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்த அந்த அம்மாளைக் கொண்டுபோய் ஐ.சி.யூ.வில் கிடத்திவிட்டது. பென்சிலின் அவளுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் போடும்போதே மகன் குப்பன் அதைச் சொல்லியிருக்கிறான். ஆனால் சினேகா பார்த்தபோது கம்ப்யூட்டரில் அலர்ஜி என்ற கட்டம் காலியாக இருந்தது. முறைப்படி டெஸ்ட் டோஸ் போட்டாள், இருபது நிமிஷம் காத்திருந்தாள், கை வீங்கவில்லை. ஊசியைப் போட்டாள். பத்தாவது நிமிஷம் ஞானம்மாளுக்கு மூச்சு முட்டியது.

சினேகாவுக்கு அங்கே எட்டு வருஷ சர்வீஸ். ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அதையெல்லாம் நல்ல நாளில் சொல்லிப் பெருமைப்படலாம். கெட்ட நாளில் காதில் போட்டுக்கொள்ள ஆள் கிடையாது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு விசாரணை. நர்ஸ் உரிமமே போகலாம், ஜெயிலும் கிடைக்கலாம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

அவள் புருஷன் ஜெபசீலன், அந்த ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்து கொடுத்த கோவிலம்பாக்கம் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவன். "அந்தக் கட்டத்தைக் காலி பண்ணது யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்" என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் இட்லி வெந்து ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுட்டுப் போம்மா" என்றார் மாமனார் சாலமன். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு சமையலறை அவர் பொறுப்பு.

"வேணாம் மாமா. தண்ணி போதும்."

ஜெபசீலன் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டான். "சினேகா, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு ஸ்கிரீன்ல பேஷண்ட் பேரைச் சரியாப் பாத்தியா? பக்கத்து பெட்டோட பக்கம் ஓப்பன் ஆகியிருந்து, நீ கவனிக்காம..."

"இதோட நாலாவது தடவை கேக்கறீங்க."

"விசாரணையில கேப்பாங்கல்ல, அதுக்காகத்தான்."

"பாத்தேன். ஞானம்மாள், ஐம்பத்தெட்டு வயசு, பெட் பதினொண்ணு. அலர்ஜி கட்டம் காலி."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. ஜெபசீலன் நல்லவன்தான். ஆனால் நல்ல புருஷன்மார் செய்கிற காரியம் ஒன்று உண்டு: நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, நம்பாதவன் கேட்கிற கேள்வியைக் கேட்பது.

"தனசிங் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சியாப்பா?" என்றார் சாலமன். "நம்ம சபைக்காரர். உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவரு. கைவிட மாட்டாரு."

"இன்னிக்குப் பேசறேன்பா" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினான்.

தனசிங் கம்பெனியில் சப்போர்ட் பிரிவின் மேனேஜர். விற்பனைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர் என்பதால் டேட்டாபேஸ் என்றால் அவருக்கு அலுவலகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் இரும்பு அலமாரி. பேச்சைத் தொடங்கும்போது முதலில் ஒரு ஸ்தோத்திரம் வரும்.

"ஸ்தோத்திரம் தம்பி. ஆஸ்பத்திரி சர்வர்ல ஹிஸ்டரி பாத்தாச்சு. சந்தேகப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நம்ம பக்கம் சுத்தம்னு நேத்தே மேல எழுதிட்டேன்."

"சார், ஹிஸ்டரி அங்க இருக்காது."

"டேட்டாபேஸ் அங்கதானே இருக்கு?"

ஜெபசீலன் பொறுமையாக விளக்கினான். டேட்டாபேஸோடு பேச ஒரு கறுப்புத் திரை. அதில் ஒரு கட்டளையைத் தட்டினால் அது பதில் தரும். தட்டிய கட்டளைகள் வரிசையாக ஒரு சின்ன ஃபைலில் பதிவாகும், அதுதான் ஹிஸ்டரி. மேல் அம்பு விசையை அழுத்தினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது அந்த ஃபைலின் தயவில்தான். ஆனால் அந்த ஃபைல் டேட்டாபேஸ் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. எந்த மெஷினில் திரையைத் திறந்து தட்டினோமோ அந்த மெஷினில் இருக்கும்.

"ஆஸ்பத்திரி சர்வர்லயே உக்காந்து தட்டுனா அங்க இருக்கும் சார். நம்ம ஆபீஸ் நடு மெஷின்லருந்து தட்டுனா நடு மெஷின்ல. ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது."

"வேற காப்பி?"

"கிடையாது. தட்டின இடத்துலதான் இருக்கும்."

"டேட்டாபேஸே தனியா ஒரு பதிவு வெச்சிருக்குமே, லாக்னு?"

"டிஸ்க் நிறையுதுன்னு மார்ச்சுல நீங்கதான் அதை நிறுத்தச் சொன்னீங்க சார்."

தனசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ஒரு வரி, உலகத்துல ஒரே ஒரு இடத்துல. அப்படித்தானே?"

"அப்படித்தான் சார்."

"சரி. தேடு. எது கிடைச்சாலும் முதல்ல எனக்குச் சொல்லு."

நடு மெஷின் என்பது கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி டேட்டாபேஸைத் தொட வேண்டுமானால் அது வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. சப்போர்ட் பிரிவில் நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே லாகின். ஆகவே நாலு பேருடைய ஹிஸ்டரியும் ஒரே ஃபைலில், கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி கலந்து கிடந்தது. யார் தட்டியது என்றும் இல்லை, எத்தனை மணிக்கு என்றும் இல்லை.

ஜெபசீலனும் முதாசிரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். முதாசிர் மேடவாக்கத்துக்காரன், ஆறு வருஷமாகப் பக்கத்து நாற்காலி.

"மச்சான், அலர்ஜின்னு வர்ற வரியை மட்டும் பொறுக்கு" என்றான் முதாசிர்.

பதினான்கு வரிகள் வந்தன. பதினான்கும் ஒரே கட்டளைதான்: பி வார்டில் இருக்கும் எல்லோருடைய அலர்ஜிக் கட்டத்தையும் காலி செய்.

ஜெபசீலன் நாற்காலியை விட்டு எழுந்தான். முதாசிர் சிரித்தான். "பதறாத. இது பயிற்சி டேட்டாபேஸ்."

புதிய நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ஆஸ்பத்திரி டேட்டாபேஸைப் போலவே ஒரு பொய் டேட்டாபேஸ் வைத்திருந்தார்கள். பொய் நோயாளிகள், பொய் வியாதிகள். போன வாரம் படித்தவர்கள் நிரப்பியதை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் காலி செய்து வைப்பார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை. நிஜமா பொய்யா என்பது கட்டளையைப் பார்த்தால் தெரியாது. அதற்கு முந்தைய வரிகளில் எந்த டேட்டாபேஸுக்குள் நுழைந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பதினான்கும் பயிற்சிக்குள் நுழைந்து செய்ததுதான்.

"அல்ஹம்துலில்லாஹ். நம்ம ஆளுங்க யாரும் இல்ல" என்று முதாசிர் நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்தவன் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தான். "மச்சான், இதுல இந்த வாரத்துது இல்லையே."

"இருக்கும். பாரு."

"இல்ல. திங்கக்கிழமை ஒம்பதுலருந்து பத்தரை வரைக்கும் இந்த மெஷின் வேலை செய்யாமத் தொங்கிக் கெடந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆனா பத்து மணி கிளாஸுக்குப் பயிற்சி காலியா இருந்துது. யாரோ வேற வழியாப் போய்ப் பண்ணியிருக்காங்க." அவன் பலகையில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தான்.

ஜெபசீலன் பட்டியலைப் பார்க்கவில்லை. இந்த வாரம் யார் முறை என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தும் அவன் நகரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். "இன்னாபா, தூங்கிகினு வண்டி ஓட்றியா?"

திங்கட்கிழமை காலை அவன் வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் வேலையைத் தொடங்கினான். நடு மெஷின் தொங்கியதால் அவசரத்துக்கென்று வைத்திருந்த வழியில், கம்பெனி லேப்டாப்பிலிருந்து நேரே போனான். அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பயிற்சியைக் காலி செய்தான். அதுவும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம்? அப்புறம் பி வார்டிலிருந்து போன் வந்தது. பெட் கணக்கு இடிக்கிறது, எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். பார்த்துச் சொன்னான். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று செம்பாக்கம் வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

வீட்டில் சினேகா இல்லை. "பதினோரு மணிக்கே போன் வந்துச்சுப்பா" என்றார் சாலமன். "சாயந்தரம் வரைக்கும் வேணாம், இப்பவே வந்துடுங்கன்னாங்க. ஆட்டோல போயிடுச்சு. நீ என்ன இந்த நேரத்துல?"

அவன் சாப்பாட்டு மேஜையில் இருந்த லேப்டாப்பைத் திறந்தான். ஹிஸ்டரி ஃபைல் கடைசியாக மாறிய நேரம் திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பத்தேழு. அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

ஃபைலின் கடைசியில் ஆறே வரிகள்.

பயிற்சிக்குள் நுழை. பி வார்டில் எத்தனை பேர் என்று எண்ணு. பி வார்டில் எல்லோருடைய அலர்ஜியையும் காலி செய். நிஜத்துக்குள் நுழை. பி வார்டில் எல்லோருடைய அலர்ஜியையும் காலி செய். வெளியே போ.

ஐந்தாவது வரியில் இருக்க வேண்டியது எண்ணுகிற கட்டளை. அது பயிற்சியில் ஏற்கெனவே தட்டியதுதானே, மறுபடி எதற்குத் தட்டுவது என்று மேல் அம்பை அழுத்தியிருக்கிறான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஹிஸ்டரி ஃபைலுக்கு நிஜம், பொய் என்ற பேதம் இல்லை. ஒரே மெஷினில் தட்டியது எல்லாமே அதற்கு ஒரே வரிசை. மூன்று தடவை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு தடவை அழுத்தி, படிக்காமலே என்டரைத் தட்டியிருக்கிறான்.

அப்போது திரையில் ஒரு எண் வந்தது. அது மட்டும் இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. முப்பத்தேழு. கட்டளை எத்தனை பேரைத் தொட்டது என்று டேட்டாபேஸ் சொன்ன எண் அது. அவன் அதை பெட் கணக்கு என்று எடுத்துக்கொண்டான். போனில், "முப்பத்தேழு பேர், கரெக்டா இருக்கு சிஸ்டர்" என்று சொன்னான். அவர்களும் சந்தோஷமாக நன்றி சொல்லி வைத்தார்கள்.

கிணறு வெட்டப் போனான். பூதம் தன் மூஞ்சியோடு எழுந்து வந்து நின்றது. ஜெபசீலன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஞானம்மாளை அந்தக் கட்டிலில் சாய்த்தது தன் விரல்தான்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முப்பத்தேழு பேர். செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஞானம்மாளின் கட்டத்தை மட்டும்தான் பார்த்தார்கள். மற்ற முப்பத்தாறு பேருடைய கட்டமும் இந்த நிமிஷம்வரை காலியாகவே இருக்கிறது.

ஒரு சாமர்த்தியசாலி இந்த இடத்தில் என்ன செய்வான் என்று வாசகர்களுக்குத் தெரியும். பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுவிட்டு, ஆறு வரியில் ஒரு வரியை அழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விசாரணைக்குப் போவான். ஜெபசீலனுக்கும் அது தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் திருப்பிப் போட இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் பி வார்டில் மதிய ஊசி போடும் நேரம் வந்துவிடும்.

அவன் வார்டு தலைமை நர்ஸ் அங்காளம்மாளைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், ஜெபசீலன் பேசறேன். வார்டுல யாருக்கும் இப்ப ஊசி போடாதீங்க. அலர்ஜி கட்டம் எல்லாமே தப்பு. எல்லாருக்கும் காலியாகிக் கெடக்குது."

"என்ன தம்பி சொல்றீங்க? யாரு காலி பண்ணது?"

"நான்தான் சிஸ்டர். தெரியாமப் பண்ணிட்டேன். நிறுத்துங்க முதல்ல."

"நாலாம் பெட்டுக்கு ஊசி எடுத்துட்டுப் போயிருக்காங்க, இருங்க..." போன் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடியது. ஜெபசீலன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். சாலமன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று மகனையே பார்த்தார்.

இரண்டு நிமிஷம் கழித்து அங்காளம்மாள் மூச்சிரைக்க வந்தார். "போடல. கேட்டுட்டேன், அவருக்கு சல்ஃபா மருந்து ஆகாதாம். கைல இருந்தது அதேதான் தம்பி."

அடுத்தது பேக்கப். வாரத்துக்கு ஒன்றுதான், ஞாயிறு இரவு எடுத்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் தனசிங்கிடம். ஆகவே தனசிங்கிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பாஸ்வேர்டைச் சொன்னார்.

"பேஷண்டுங்க முக்கியம் தம்பி. திருப்பிப் போடு. அந்த ஹிஸ்டரி எங்க இருக்கு?"

"என் லேப்டாப்ல சார்."

"விசாரணைக்கு எடுத்துட்டா போறே?"

"முடியாது சார். பேக்கப் இறங்கி முடியற வரைக்கும் மூடக்கூடாது. வீட்டுலயேதான் இருக்கும்."

"சரி. தைரியமாப் போ. கர்த்தர் பாத்துக்குவார்."

அந்த ஹிஸ்டரியைத் தொடாமல் வேறொரு நிரல் வழியாக வேலையைத் தொடக்கிவிட்டு, ஆறு வரியையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். "அப்பா, இதை மூடிடாதீங்க. முடிஞ்சுதுன்னு எழுத்து வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"சினேகாவுக்கு நல்லதுதானே இது?"

"அவ தப்புப் பண்ணலைன்னு சொல்றதுக்கு இது ஒண்ணுதான்பா இருக்கு."

ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் குப்பன் உட்கார்ந்திருந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். மூன்று நாளாக அதே சட்டை. ஜெபசீலனின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து எழுந்து வந்தான்.

"சார், உள்ள வேல செய்றியா? எங்கம்மாவப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டன்றாங்க. நான் சொன்னேன் சார் அன்னிக்கு. அத்து ஆவாதுன்னு சொன்னேன். அட்மிஷன் பொண்ணு கம்ப்யூட்டர்ல அடிச்சுது, நான் பாத்துகினு நின்னேன்."

"நீங்க சொன்னது நிஜம்."

"நிஜம்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

ஜெபசீலன் வாயைத் திறந்தான். அதற்குள் வாட்ச்மேன் வந்து, "குப்பன் யாருப்பா? ஐ.சி.யூ.வுல கூப்புட்றாங்க, ஓடு" என்றார். குப்பன் செருப்பைப் போடாமலே ஓடினான்.

முதல் மாடி அறை ஒன்றில் சினேகா தனியாக உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் மூடி கழற்றிய பேனா கிடந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

"எதுல?"

"ஸ்கிரீனைப் பாக்காமலே ஊசி போட்டேன்னு. ஒத்துக்கிட்டா போலீஸ் வரைக்கும் போகாது, வேலையோட போயிடும்னாங்க."

"நீ பாத்தியே சினேகா."

"பாத்தேன்னுதான் நெனச்சேன். டாக்டர் கேட்டாங்க, சூப்பிரண்டு கேட்டாங்க, நீங்க நாலு தடவை கேட்டீங்க. எல்லாரும் கேக்கக் கேக்க, நெஜமாவே பாத்தேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு. எங்கூட இருக்கறவருக்கே நம்பிக்கை இல்லைன்னா நான் எதைப் பாத்திருப்பேன்?"

அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான். போனை எடுத்துக் காட்டி, மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தான். சினேகா படத்தைப் பெரிதாக்கி ஆறு வரியையும் பார்த்தாள். அவளுக்குப் புரியாத எழுத்துகள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"காலியாத்தான் இருந்துச்சா?" என்றாள் கடைசியில். "அப்ப நான் பாத்திருக்கேன்."

அவன் மேல் கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தில் வந்தது நிம்மதி. தன் கண் தனக்கே திரும்பக் கிடைத்த நிம்மதி. அதைப் பார்த்துத்தான் ஜெபசீலன் உடைந்து அழுதான்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் ஷாயிஸ்தா உள்ளே வந்தபோது மணி மூன்று. நிதானமான பெண், குரலை உயர்த்தாதவள். நின்றபடியே சொன்னாள்.

"ஞானம்மாள் தவறிட்டாங்க. இப்பதான். இனிமே போலீஸுக்குச் சொல்லாம இருக்க முடியாது. சொல்லியாச்சு."

சினேகா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. கீழே எங்கிருந்தோ குப்பனின் ஓலம் கேட்டது.

ஜெபசீலன் எழுந்தான். எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். ஷாயிஸ்தா கேட்டுவிட்டு மேஜையிலிருந்த கம்ப்யூட்டரைத் திருப்பி, ஞானம்மாளின் பக்கத்தைத் திறந்தாள். அலர்ஜிக் கட்டத்தில் பென்சிலின் என்று சிவப்பில் இருந்தது.

"இதுல காலியா இல்லையே சார்."

"இப்ப நான் திருப்பிப் போட்டது மேடம். பேக்கப் முடிஞ்சிடுச்சு போல."

"அப்ப, இறந்துபோனவங்க ரெக்கார்டுல இன்னிக்குக் கை வெச்சது நீங்க."

"மத்தவங்களைக் காப்பாத்தத்தான். அங்காளம்மாள் சிஸ்டரைக் கேளுங்க."

"கேப்பேன். நீங்க போன்ல சொன்னதைத்தானே அவங்க சொல்லுவாங்க? இந்தப் படத்தை இன்னிக்கு மத்தியானம் யார் வேணா தட்டி எடுக்கலாம். பொண்டாட்டிக்காக எந்தப் புருஷனும் செய்வான்னு போலீஸ் சொல்லும்." அவள் கொஞ்சம் தணிந்தாள். "நான் உங்களை நம்பறேன். என் நம்பிக்கை கோர்ட்ல நிக்காது. அந்த ஃபைல் திங்கக்கிழமையே எழுதினதுன்னு அந்த மெஷின்தான் சொல்லணும். லேப்டாப்பை அப்படியே கொண்டு வரச் சொல்லுங்க. போலீஸ் முன்னாடி நானே சீல் வெக்கறேன். சினேகாவோட கையெழுத்துக்கு அப்ப மதிப்பில்லாமப் போயிடும்."

ஜெபசீலன் வீட்டுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே சாலமன் எடுத்தார்.

"அப்பா, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு உடனே ஒரு ஆட்டோ பிடிச்சு வாங்க."

"முடிஞ்சுதுன்னு எழுத்து வந்துச்சுப்பா. வர்ற வரைக்கும் நான் அசையவே இல்ல."

"சரிப்பா. எடுத்துட்டு வாங்க."

"அதைத்தான் தனசிங் சார் எடுத்துட்டுப் போயிட்டாரே. நேர்லயே வந்தாருப்பா. கம்பெனி சாமான், பத்திரமா இருக்கணும், நானே விசாரணைக்குக் கொண்டு போறேன்னாரு. எழுத்து வரட்டும்னு நான் சொன்னேன், பொறுமையா உக்காந்திருந்தாரு. சினேகாவுக்காக முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாருப்பா. கால் மணி நேரம். கண்ணுல தண்ணி அவருக்கு."

அந்த வரி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. காலையில் அதை மேனேஜருக்கு உட்கார்த்தி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் ஜெபசீலன்தான். நம்ம பக்கம் சுத்தம் என்று நேற்றே மேலே எழுதிவிட்ட தனசிங்கின் எண்ணுக்குப் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஷாயிஸ்தா ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள்.

போனில் மாமனார் சொன்னது காதில் விழாத சினேகா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் தோள் நிமிர்ந்திருந்தது.

"மாமா ஆட்டோ ஏறிட்டாங்களா?" என்று கேட்டாள்.